பாப்பாய் நடத்திய ஆங்கில வகுப்பு

'விளையாட்டுப் பிள்ளை' என்று ஒருவனைச் சொல்லும்போதே நம் குரலில் கொஞ்சம் கண்டிப்பும் கலந்துவிடும். விளையாட்டு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் என்றால் கேட்கவே வேண்டாம். படிப்பைக் கெடுக்க வந்த சனியன் என்பதே பெரும்பாலான வீடுகளின் தீர்ப்பு. ஆனால் அதே பெட்டியைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஒரு மொழியைச் சொல்லிக்கொடுக்க முயன்றவர்களும் உலகில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் ஒரு நல்ல யோசனையும் இருக்கிறது, ஒரு பெரிய கோட்டையும் இருக்கிறது. பெங்களூரில் பிள்ளை வளர்க்கும் தமிழர்களாகிய நமக்கு இரண்டுமே பாடம்.

1983ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஒரு கேசட்டை வெளியிட்டது. அதன் பெயர் 'பொபாய் நோ எய்கோ அசோபி'. 'எய்கோ' என்றால் ஆங்கிலம், 'அசோபி' என்றால் விளையாட்டு. பாப்பாயின் ஆங்கில விளையாட்டு என்று பொருள். பசலைக்கீரை டப்பாவைப் பிளந்து விழுங்கியதும் புஜம் புடைத்து எழும் அந்த மாலுமி பாப்பாய்தான் இதன் நாயகன். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டக் கற்றுத்தருவது அதன் நோக்கம். இந்த விளையாட்டு ஜப்பானை விட்டு வெளியே விற்பனைக்கு வரவே இல்லை. பழைய கேம்களைத் தேடிச் சேகரிப்பவர்களைத் தவிர இன்று அதன் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

பாப்பாயை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அமெரிக்க ஓவியர் இ. சி. சேகர் 1919 முதல் வரைந்து வந்த 'திம்பிள் தியேட்டர்' என்னும் நாளிதழ்ச் சித்திரத் தொடரில், 1929 ஜனவரி 17 அன்று ஒரு சில்லறைப் பாத்திரமாக நுழைந்தவன் அவன். வாசகர்களுக்குப் பிடித்துப்போகவே, தொடரையே தனதாக்கிக்கொண்டான். 1933இல் ஃபிளைஷர் சகோதரர்கள் அவனைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு தொலைக்காட்சி வழியாக உலகம் முழுவதும் பரவினான். நம் நாட்டில் 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆலிவையும் புளூட்டோவையும் ஸ்வீபீயையும் அடுத்த வீட்டுக்காரர்கள் போலத் தெரியும். கீரை சாப்பிட மறுத்த குழந்தைகளிடம் நம் தாய்மார்கள் எத்தனை முறை அவன் பெயரைச் சொல்லி ஊட்டியிருப்பார்கள்!

நின்டெண்டோவுக்கும் பாப்பாய்க்கும் உள்ள உறவு சுவையானது. 1981 வாக்கில் பாப்பாயை வைத்து ஓர் ஆட்டம் செய்ய அந்நிறுவனம் விரும்பியது. உரிமை அப்போது கிடைக்கவில்லை. இளம் வடிவமைப்பாளரான ஷிகேரு மியாமோட்டோ அதே முக்கோணக் கதைக்கு வேறு ஆட்களைப் படைத்தார். முரடன் புளூட்டோவின் இடத்தில் ஒரு மனிதக் குரங்கு வந்தது. ஆலிவின் இடத்தில் வேறொரு பெண் வந்தாள். மாலுமியின் இடத்தில் ஒரு தச்சன் வந்தான். அதுதான் 'டாங்கி காங்'. அந்தத் தச்சன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மாரியோ. அது வெற்றி பெற்றதும் 1982இல் பாப்பாயின் உரிமையும் கைக்கு வந்தது. 1983 ஜூலை 15 அன்று நின்டெண்டோ தன் 'ஃபேமிகாம்' என்னும் வீட்டு விளையாட்டுப் பெட்டியை 14,800 யென் விலைக்கு வெளியிட்டபோது கூடவே வந்த மூன்று ஆட்டங்களுள் 'பாப்பாய்' ஒன்று.

1990களில் நம் ஊர் நேஷனல் மார்க்கெட்டிலும் சென்னை பர்மா பஜாரிலும் 'டி.வி. கேம்' என்று விற்ற பெட்டிகள் பெரும்பாலும் இந்த ஃபேமிகாமின் நகல்களே. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று மேலே அச்சிட்டிருப்பார்கள். உள்ளே பார்த்தால் இருபதோ முப்பதோதான் வெவ்வேறாக இருக்கும். பாப்பாய் ஆட்டமும் பல கேசட்டுகளில் இருந்தது. ஆகவே, பாப்பாயை ஏணி ஏற்றி இறக்கி விளையாடிய கைகள் நம் வாசகர் வீடுகளிலும் உண்டு. ஆனால் அதே பாப்பாய் அதே ஆண்டில் ஆங்கில வாத்தியாராகவும் வேலை பார்த்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

எங்கே சறுக்கியது?

அந்த ஆட்டத்தின் அமைப்பு எளியது. விலங்கு, உணவு, நாடு, விளையாட்டு என்பது போன்ற வகைகளில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்கும். திரையில் ஒரு ஜப்பானியச் சொல் தோன்றும். அதற்குரிய ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பாப்பாயை ஓடவிட்டு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து நிரப்ப வேண்டும். ஜப்பானியச் சொல்லின் துணை இல்லாமல் ஆடும் கடினமான வகையும் உண்டு. இருவர் சேர்ந்து ஆடும் வகையும் உண்டு. அவ்வளவுதான். அடுத்த மாதமே டாங்கி காங்கின் மகனை வைத்து ஒரு கணக்கு விளையாட்டும் வெளிவந்தது. இசை கற்பிக்கும் மூன்றாவது ஒன்றும் அறிவிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. இந்தக் கல்வி வரிசை அத்துடன் முடிந்தது.

ஏன் நிலைக்கவில்லை? பிள்ளைகளுக்குப் படிப்பு பிடிக்காது, அதனால்தான் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது உண்மைக் காரணம் அன்று. பிள்ளைகள் விடுகதை போடுகிறார்கள். நாக்குச் சுழலும் வாக்கியங்களைப் போட்டி போட்டுச் சொல்கிறார்கள். பாட்டுக்குப் பாட்டு ஆடுகிறார்கள். இவை எல்லாம் மொழிப் பயிற்சிதான். மொழியோடு விளையாடுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். மொழித் தேர்வு எழுதத்தான் பிடிக்காது.

நின்டெண்டோ செய்தது தேர்வு. சரியான எழுத்தைப் போடு, தவறினால் தண்டனை. நாயகன் பாப்பாயாக இருந்தாலும் வேறொருவனாக இருந்தாலும் அந்தத் தேர்வு மாறியிருக்காது. பிள்ளைக்குத் தெரிந்த முகத்தைக் காட்டி, அதன் பின்னால் எழுத்துக் கூட்டும் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்கள். மாத்திரையின் மேல் சர்க்கரை தடவியது போல. பிள்ளைகள் சர்க்கரையை நக்கிவிட்டு மாத்திரையைத் துப்புவதில் கெட்டிக்காரர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாப்பாய்க்குப் பெருமை சேர்த்ததே அவனுடைய கொச்சை ஆங்கிலம்தான். இலக்கணம் இடறும், சொல் திரியும், பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாகக் கரையும். சேகரின் வாசகர்கள் அதற்காகவே அவனை விரும்பினார்கள். அப்படிப்பட்டவனை ஆங்கில ஆசிரியனாக்கினால் எவ்வளவு சிரிப்புக்கு இடம் இருந்திருக்கும்! அவன் தப்பாகச் சொல்ல, பிள்ளைகள் திருத்த, அவன் மறுபடி வேறு விதமாகத் தப்பாகச் சொல்ல என்று ஆட்டமே பேச்சாக நடந்திருக்கும். அந்தப் பெட்டிக்குப் பேசும் திறன் இல்லை என்பது உண்மை. எழுத்திலாவது செய்திருக்கலாம். அவர்கள் பாப்பாயின் உருவத்தை வாங்கினார்கள், நாக்கை வாங்கவில்லை. மொழி விளையாட்டுக்கு வேண்டியது நாக்குதான்.

நம் வீட்டு நிலை

நாற்பது ஆண்டுக்கு முந்திய ஜப்பானிய விளையாட்டு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 21 லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும் பகுதியினர் வாழ்வது பெங்களூரில். அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜி நகர் வட்டாரங்களில் பல தலைமுறைகளாக வேரூன்றிய குடும்பங்களும் உண்டு. கணிப்பொறித் தொழிலை நம்பி நேற்று வந்து ஒயிட்ஃபீல்டில் குடியேறியவர்களும் உண்டு. இந்த வீடுகளில் எல்லாம் தமிழ் பேசப்படுகிறது. ஆனால் எத்தனை வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது?

நாம் ஒவ்வொருவரும் இதைக் கண்டிருக்கிறோம். பாட்டியிடம் சரளமாகத் தமிழ் பேசும் பிள்ளை, பாட்டிக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பும்போது 'சாப்பிட்டியா' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுகிறது. பாட்டி அதைப் படிக்கப் பேரனையே கூப்பிடுகிறாள். மொழி வாயில் இருக்கிறது, கண்ணில் இல்லை, கையில் இல்லை. வாயில் மட்டும் வாழும் மொழி அடுத்த தலைமுறையில் சமையலறைச் சொற்களாகச் சுருங்கும். அதற்கும் அடுத்த தலைமுறையில் பெயரில் மட்டும் நிற்கும்.

பள்ளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நகரில் தமிழ் வழிப் பள்ளிகள் குறைந்துவிட்டன. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடம். வாழும் மண்ணின் மொழியைப் பிள்ளைகள் கற்பது முறைதான், நல்லதும்தான். அதில் நமக்கு மனக்குறை இருக்கக் கூடாது. ஆனால் கன்னடம், ஆங்கிலம், இந்தி என்று மூன்று மொழிகளைச் சுமக்கும் பிள்ளையிடம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்காவதாக ஒரு வகுப்பு என்று தமிழை நீட்டினால், பிள்ளை அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்ளும். சங்கங்களும் மன்றங்களும் நல்ல மனத்தோடு நடத்தும் வகுப்புகளுக்குப் பெற்றோர் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டியிருப்பது இதனால்தான்.

என் கருத்து இது. தமிழை நான்காவது சுமையாக வைக்காமல், பிள்ளை ஏற்கெனவே சுமக்கும் கன்னடத்தின் தோளிலேயே ஏற்றி வைக்க வேண்டும். அதற்கு விளையாட்டைப் போன்ற வழி வேறில்லை. மேலே ஒரு மொழியின் சொல், கீழே இன்னொரு மொழியின் எழுத்துகள் என்ற நின்டெண்டோவின் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியமும் ஆங்கிலமும் இருந்த இடத்தில் கன்னடமும் தமிழும் இருக்கட்டும். அப்போது ஒரு அதிசயம் நடக்கும்.

பால் ஹாலு ஆகும் விந்தை

ஜப்பானியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் குடும்ப உறவு இல்லை. ஒரு சொல்லைக் கண்டு இன்னொன்றை ஊகிக்க வழியே இல்லை. மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அதனால்தான் அந்த ஆட்டம் தேர்வாகவே முடிந்தது. தமிழும் கன்னடமும் அப்படியா? உடன்பிறந்த மொழிகள். ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கதவுகள் இருக்கின்றன. திறவுகோல் மட்டும் தெரிந்தால் போதும்.

முதல் கதவு 'ப'. தமிழில் 'ப' என்று தொடங்கும் பல சொற்கள் இன்றைய கன்னடத்தில் 'ஹ' என்று தொடங்கும். பால் ஹாலு. பல் ஹல்லு. பாம்பு ஹாவு. பூ ஹூவு. பத்து ஹத்து. போ என்பது ஹோகு. பழங்கன்னடத்தில் இவையும் 'ப' என்றே இருந்தன. பத்தாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய மாற்றம் மெல்ல மெல்லப் பரவி 'ஹ' ஆயிற்று. பழங்கன்னடத்தைக் கன்னடர் 'ஹளெகன்னட' என்பார்கள். அந்த 'ஹளெ' என்பதே நம் 'பழைய' தான்!

இந்தக் கதவைத் திறந்த பிள்ளைக்கு நகரமே விளையாட்டுத் திடலாகிவிடும். மாரத்தஹள்ளியின் ஹள்ளி, திருச்சிராப்பள்ளியின் பள்ளி. ஓசூர் என்பது ஹொசூரு, அதாவது நம் புத்தூர். நம் தமிழ்ச் சங்கம் இருக்கும் அல்சூரைக் கன்னடர் ஹலசூரு என்பார்கள். ஹலசு என்றால் பலா. பலா மரங்களால் வந்த பெயர் என்பர். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே போகும் பிள்ளை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிக்கும்.

இரண்டாம் கதவு 'வ'. வேர் பேரு. வெல்லம் பெல்ல. வெண்ணெய் பெண்ணெ. வெள்ளி பெள்ளி. விலை பெலெ. இங்கே 'ப' என்பதை அழுத்தி ஒலிக்க வேண்டும். மூன்றாம் கதவு 'ச'. செவி கிவி. சேரி கேரி. சிறு என்பது கிரு. கன்னடம் பழைய ககரத்தைக் காத்து வைத்திருக்கிறது, தமிழ் அதைச் சகரமாக இளக்கிவிட்டது. எது அக்காள், எது தங்கை என்ற வீண் வழக்குக்கு இங்கே இடமே இல்லை என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். ஒரு சொல்லில் நாம் பழமையைக் காத்தோம், மறு சொல்லில் அவர்கள் காத்தார்கள்.

கதவு எல்லா நேரமும் திறக்காது என்பதுதான் இதை விளையாட்டாக்குகிறது. உப்பு கன்னடத்திலும் உப்புதான், ஏனென்றால் அங்கே 'ப' சொல்லின் முதலில் இல்லை. பெட்டி என்பது பெட்டிகெ, 'ஹெட்டி' என்று சொன்னால் சிரிப்பார்கள். விதியைக் கற்ற பிள்ளை பாய்ந்து வரும், விதிவிலக்கு அதைக் குப்புறத் தள்ளும். எழுந்து மறுபடி ஓடும். இதைவிட நல்ல ஆட்டம் வேறென்ன வேண்டும்?

எழுத்துப் பிழைக்கும் இங்கேயே மருந்து இருக்கிறது. ல, ள குழப்பம் நம் பிள்ளைகளுக்குத் தீராத தொல்லை. புலி என்பது ஹுலி, புளி என்பது ஹுளி. இரு மொழியிலும் ஒரே வேறுபாடு, ஒரே இடத்தில். பள்ளியில் கன்னடத்துக்காகக் கற்ற வேறுபாடு தமிழுக்கும் கைகொடுக்கும். தட்டில் ஹுளி கேட்டவனுக்கு ஹுலி வந்து நின்றால் என்ன ஆகும் என்று திரையில் ஒரு முறை காட்டிவிட்டால், அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் எழுத்தை மாற்றிப் போடாது.

நாயகன் யார்?

பாப்பாயையே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்லலாம். 1929ஆம் ஆண்டுப் பாப்பாய் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை ஆகிவிட்டான் என்பது உண்மை. ஆனால் அவன் பெயருக்கு வணிகக் குறி உரிமைகள் இன்னும் இருக்கின்றன. அது ஒரு புறம் இருக்க, இரவல் முகத்தை ஒட்டிவைத்ததுதான் நின்டெண்டோ செய்த கோட்டை என்று சொல்லிவிட்டு நாமும் அதையே செய்யலாமா?

நமக்கு ஒருவன் இருக்கிறான். சுப்பாண்டி. ஃபேமிகாம் பிறந்த அதே 1983இல்தான் 'டிங்கிள்' இதழில் அவன் முதலில் வந்தான். தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கதைகளின் அப்பாவி வேலைக்காரனே சுப்பாண்டியின் மூலம். அவனுக்கு முகம் கொடுத்தவர் ஓவியர் ராம் வாயிர்க்கர். அவனை நாடெங்கும் கொண்டுசென்ற 'டிங்கிள்' இதழைத் தொடங்கியவர் அனந்த் பை, நம் கர்நாடகத்தின் கார்க்களாவில் பிறந்தவர். தமிழ் மண்ணின் கதை, கர்நாடக மண்ணின் ஆசிரியர். இந்த விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான குலமுறை உண்டா?

குலமுறையைவிட முக்கியம் குணம். சுப்பாண்டியின் நகைச்சுவை எல்லாம் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. புதிய மொழி கற்பவன் ஒவ்வொருவனும் சுப்பாண்டிதான். அவனைப் பெங்களூரில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்த்துப் பாருங்கள். எஜமானியம்மாள் கன்னடத்தில் 'சாரு' கேட்கிறாள். நம்மவன் சாறு என்று எண்ணி எலுமிச்சை பிழிந்து வைக்கிறான். அவள் கேட்டது ரசம். 'அக்கி ரொட்டி' என்றதும் அலறியடித்து ஓடுகிறான், தமிழில் அக்கி தோலில் வரும் கொப்புள நோய். கன்னடத்தில் அது அரிசி. 'மனெ' வாங்கிவிட்டேன் என்று எஜமானர் சொல்ல, காலி மனையைத் தேடி அலைகிறான். அவர் வாங்கியது கட்டி முடித்த வீடு. பாப்பாயின் திரிந்த நாக்கை நின்டெண்டோ வீணடித்தது. சுப்பாண்டியின் திரிந்த காதை நாம் வீணடிக்கக் கூடாது.

சுப்பாண்டி ஒரு நிறுவனத்தின் உடைமை. முறைப்படி இசைவு கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அவனுக்கு முன்பே நம் ஊர்க் கதைகளில் அப்பாவிகள் ஏராளம். தெனாலிராமனோ இரு மொழிக்கும் பொதுச் சொத்து. ஆனால் தெனாலிராமன் தவறே செய்யாதவன். தவறு செய்பவனே கற்கும் பிள்ளைக்குத் தோழனாவான். ஆகையால் அப்பாவியைத்தான் நான் முன்மொழிவேன்.

முடியுமா?

தமிழ் எழுத்து இந்தச் சின்னத் திரைகளுக்கு ஒத்து வராது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். ஃபேமிகாம் திரை 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம் கொண்டது. படங்களும் எழுத்துகளும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகளாகப் பதிக்கப்படும். ஆங்கில எழுத்து ஒன்று ஓர் ஓட்டில் அடங்கிவிடும். நம் 'ணை'யும் 'ஞூ'வும் அடங்காது, நான்கு ஓடுகளாவது வேண்டும். ஆனால் ஜப்பானியர்கள் இதற்கு வழி கண்டார்கள். அவர்கள் எழுத்தின் தலையில் இடும் குறிகளைத் தனி ஓடாக மேல் வரிசையில் வைத்தார்கள். நம் புள்ளியையும் அப்படியே வைக்கலாம். கொம்பும் காலும் இயல்பாகவே தனித்தனி. 247 எழுத்துகளையும் தனித்தனியே செதுக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 75 வடிவங்கள் இருந்தால் தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம், நம் தட்டச்சுப் பொறி செய்ததும் அதைத்தான்.

எழுத்தைப் பிரித்துச் சேர்ப்பதே நல்ல ஆட்டம் என்பதையும் கவனியுங்கள். 'க்' மேல் இருந்த புள்ளியைத் தட்டிவிட்டால் 'க'. காலை நட்டால் 'கா'. கொம்பை முன்னால் வைத்தால் 'கெ', இரண்டும் சேர்ந்தால் 'கொ'. உயிர்மெய் என்ற தத்துவத்தைக் கரும்பலகையில் விளக்க ஒரு மாதம் ஆகும். கையால் தூக்கி வைத்துப் பார்த்த பிள்ளைக்கு ஒரு மாலை போதும்.

இன்று அந்தப் பழைய பெட்டியும் வேண்டியதில்லை. அதற்கென்று புதிய ஆட்டங்கள் எழுதும் ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எழுதிய ஆட்டம் கைப்பேசியிலும் ஓடும். பழைய பாணி ஆட்டம் என்றால் செலவும் குறைவு. முதல் கேசட்டுகளில் 'டாங்கி காங்' முழுவதும் 24 கிலோபைட்தான், இன்று ஒரு புகைப்படம் அதைப் போல நூறு மடங்கு இடம் பிடிக்கிறது. ஆளுக்கும் பஞ்சமில்லை. 1997இல் துருவா இன்டராக்டிவ் தொடங்கியபோதே கேம் தயாரிப்பில் பெங்களூர் இந்தியாவுக்கு வழிகாட்டிவிட்டது. அசைவூட்டத்துக்கும் விளையாட்டுத் தயாரிப்புக்கும் 2012இலேயே தனிக் கொள்கை வகுத்த மாநிலம் கர்நாடகம். அயல்நாட்டு ஆட்டங்களுக்கு மரமும் சுவரும் வாகனமும் வரைந்து கொடுக்கும் இளைஞர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! வார இறுதியில் இரண்டு மணி நேரம் கேட்டால் மறுக்கவா போகிறார்கள்?

உண்மையில் கடினமான வேலை நிரல் எழுதுவது அன்று. சொற்பட்டியல் தயாரிப்பதுதான். எந்த முந்நூறு சொற்கள்? எந்த வரிசை? எங்கே விதி, எங்கே விலக்கு? எந்தச் சொல் தருமபுரித் தமிழருக்குப் பழக்கம், எந்தச் சொல் நெல்லைத் தமிழருக்கு? இதைக் கணிப்பொறி வல்லுநர் செய்ய முடியாது. தமிழும் கன்னடமும் அறிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கன்னட ஆசிரியர்களையும் உடன் அழைக்க வேண்டும். எதிர்த்திசையிலும் ஆட்டம் ஓட வேண்டும், தமிழ்ச் சொல்லைக் கண்டு கன்னட எழுத்தைக் கூட்டும்படி. அப்போது பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே திரையின் முன் உட்காருவார்கள்.

எதிர்ப்புகள் வரும் என்பதை அறிவேன். ஏற்கெனவே கைப்பேசியைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளைக்கு இன்னொன்றா என்பார்கள் பெற்றோர். அது நியாயமான அச்சம். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் முடிந்ததும் சுப்பாண்டி தூங்கிவிடும்படி ஆட்டத்தை அமைக்கலாம். தமிழைக் கேலிப்பொருள் ஆக்குவதா என்பார்கள் சில பெரியவர்கள். சிரிப்பில்தான் மொழி உயிரோடு இருக்கிறது என்பதே அவர்களுக்கு என் பணிவான மறுமொழி. வீரமாமுனிவரே பரமார்த்த குருவையும் சீடர்களையும் வைத்துச் சிரிக்க வைத்தவர்தானே?

1991இல் அல்சூர் ஏரிக்கரையில் வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. அது திறந்தது எப்படி? நமக்கு வள்ளுவர், அவர்களுக்குச் சர்வக்ஞர் என்று இரு தரப்பும் கைகோத்தபோதுதான். 2009 ஆகஸ்ட் 9 அன்று இங்கே வள்ளுவர் திறக்கப்பட்டார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் திறக்கப்பட்டார். தனித்து நின்று பெற முடியாததைச் சேர்ந்து நின்று பெற்றோம்.

சிலை திறந்த கையோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. அந்தப் பீடத்தில் இருக்கும் தமிழைப் படிக்கத் தெரிந்த பிள்ளை அடுத்த இருபது ஆண்டில் இந்த ஊரில் இருக்குமா என்பதே கேள்வி. சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கட்டும். ஆசிரியர்கள் பத்துப் பேர், நிரல் எழுதும் இளைஞர்கள் ஐந்து பேர், ஓவியர் இரண்டு பேர் முன்வரட்டும். பொங்கலுக்குத் தொடங்கினால், நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்ஸவத்துக்குள் முதல் நூறு சொற்களாவது திரைக்கு வந்துவிடும். நம் அப்பாவிக்கு வேலை காத்திருக்கிறது. அவனை வேலைக்கு அமர்த்தப் போகிறவர்கள் யார்?